செட்டாப் பாக்ஸுக்கு எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் காபி குடிக்கும்போது கேட்டார். "வீட்டு செட்டாப் பாக்ஸ்ல ரெக்கார்டிங் வசதி இருக்காம்ங்க. பின்னாடி யுஎஸ்பில ஹார்ட் டிஸ்க் செருகணுமாம். ஒரு டிபி போதுமா, ரெண்டு டிபி வாங்கணுமா? எந்தக் கம்பெனி நல்லது?"

நம்மகிட்ட ஓசியில ஒருத்தர் ஆலோசனை கேட்டா விடுவோமா? காபி ஆறுற வரைக்கும் பேசினேன். கடைசியில அவர் பாவமா ஒரு பார்வை பார்த்துட்டு, "ஏங்க, எந்தக் கம்பெனின்னு மட்டும்தான கேட்டேன்" அப்படின்னார். :-)

அவர்கிட்ட சொன்னதையும், சொல்லாம விட்டதையும் சேர்த்து இங்க எழுதிடறேன். சொல்லாம விட்டதுதான் முக்கியம். அது கடைசியில வரும். பொறுமை இல்லாதவங்க நேரா அங்க போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

"இந்தக் காலத்துல எவன்யா பொட்டியில ரெக்கார்ட் பண்றான், எல்லாம் மொபைல்லயே வருதே" அப்படின்னு சில பேர் கேப்பீங்க. நியாயம்தான். சினிமாவும் சீரியலும் எப்ப வேணா எங்க வேணா கிடைக்குது. ஆனா உங்க ஊர் லோக்கல் சேனல்ல வர்ற கோயில் தேரோட்டம், பள்ளிக்கூட ஆண்டு விழா, பக்கத்துத் தெரு பையன் பாடின நிகழ்ச்சி, இதெல்லாம் எந்த ஆப்ல வருது? ஒரு தடவை ஓடும், அவ்வளவுதான். பதிவு பண்ணலைன்னா போச்சு. அது மாதிரி ஒண்ணுக்காகத்தான் இந்தப் புலம்பலே.

முதல்ல கணக்கு.

எவ்வளவு இடம் வேணும்?

சாதா சேனல் ஒரு நொடிக்கு சுமாரா 2லேர்ந்து 3 மெகாபிட் அனுப்புது. எச்டி சேனல்னா 8 மெகாபிட்னு வச்சுக்கலாம். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட். அதாவது எச்டிக்கு நொடிக்கு 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. 500 ஜிபி தட்டுல கிட்டத்தட்ட 138 மணி நேரம் எச்டி. ஒரு டிபின்னா 277 மணி நேரம். சாதா சேனல்னா இதைவிட மூணு மடங்கு ஓடும்.

வீட்ல தினம் மூணு சீரியல், அரை அரை மணி நேரம், எல்லாமே எச்டின்னு வச்சாலும் ஒரு நாளைக்கு 5.4 ஜிபிதான். ஒண்ணைக்கூட அழிக்காம விட்டாலும் 500 ஜிபி நிரம்ப மூணு மாசம் ஆகும். மூணு மாசமா பாக்காத சீரியலை இனிமேயும் யாரும் பாக்கப் போறதில்ல. 1999ல அமெரிக்காவுல டிவோங்கற பெட்டி வந்தப்ப 14 மணி நேரம், 30 மணி நேரம்னு ரெண்டு மாடல்தான் வித்தாங்க. அதை வச்சே ஜனங்க சந்தோஷமா இருந்தாங்க. அதனால ரெண்டு டிபி, நாலு டிபின்னு கடைக்காரர் ஆசை காட்டினா சிரிச்சுட்டு வந்துடுங்க. பழைய முறையில பிரிக்கிற பெட்டிகளுக்கு 2 டிபிக்கு மேல கண்ணே தெரியாதுங்கறது வேற விஷயம்.

வேகம்?

வேகத்தைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கறாங்க. 7200 ஆர்பிஎம்மா, 5400 ஆர்பிஎம்மா, கேஷ் எவ்வளவு... மேல சொன்ன கணக்கையே பாருங்க. ஒரே நேரத்துல ரெண்டு எச்டி சேனல் பதிவு பண்ணி, மூணாவதா ஒண்ணு ஓட்டிப் பாத்தாலும் நொடிக்கு 3 மெகாபைட்தான். பழைய யுஎஸ்பி 2.0லயே நடைமுறையில 30 மெகாபைட் போகும். சாதாரண லேப்டாப் தட்டு இதுக்கு மேலயும் போகும். அண்ணா சாலையில சாயங்காலம் ஆறு மணிக்கு ரேஸ் கார் ஓட்டறதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. மெதுவா சுத்தற தட்டுதான் இங்க நல்லது. சூடும் கம்மி, சத்தமும் கம்மி.

சூடு, சத்தம்

பெட்டியில இருக்கற தட்டு படற பாடு கம்ப்யூட்டர்ல இருக்கறது படாது. 'டைம் ஷிஃப்ட்' வசதி இருந்தா, அதாவது ஓடற நிகழ்ச்சியை நிறுத்தி வச்சுப் பாக்கற வசதி, டிவி பாக்கற நேரம் பூரா தட்டு எழுதிக்கிட்டே இருக்கும். சில பெட்டிகள் ரிமோட்ல ஆஃப் பண்ணினாலும் முழுசா தூங்காது.

அதோட நம்ம வீட்ல பெட்டி இருக்கற இடத்தைப் பாருங்க. மர ஷோகேஸ். கண்ணாடிக் கதவு. பெட்டிக்கு மேல அம்மா பின்னின க்ரோஷா துணி. துணிக்கு மேல தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை. அது தலையாட்டறது அழகுக்கு இல்ல, "வேண்டாம் வேண்டாம்"னு நமக்குச் சொல்லுது! சாதாரண தட்டுகளுக்கு 60 டிகிரி வரைக்கும்தான் கம்பெனியே பொறுப்பு ஏத்துக்கும். ஏப்ரல், மே மாசத்துல மூடின ஷோகேஸ்ல அது ஒண்ணும் எட்டாத தூரம் இல்ல. தட்டை பெட்டிக்கு மேல வைக்காதீங்க, பக்கத்துல காத்தோட்டமா வைங்க. எந்தக் கம்பெனிங்கறதைவிட எங்க வைக்கறோம்ங்கறதுதான் அதோட ஆயுசைத் தீர்மானிக்குது.

கரண்ட்

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. யுஎஸ்பி 2.0 ஓட்டை விதிப்படி தர்றது 500 மில்லி ஆம்ப். லேப்டாப் சைஸ் (2.5 இன்ச்) தட்டு சுத்த ஆரம்பிக்கற நேரத்துல ஒரு ஆம்ப் வரைக்கும் கேக்கும். கிடைக்கலைன்னா 'டிக்... டிக்... டிக்'னு ஒரு சத்தம். உடனே கடைக்கு ஓடி "டிஸ்க் போயிடுச்சு"ன்னு சண்டை போடக்கூடாது. ரெண்டு தலை உள்ள கேபிளோ, தனியா கரண்ட் எடுக்கற யுஎஸ்பி ஹப்போ போட்டா சரியாயிடும். பெரிய 3.5 இன்ச் தட்டுக்கு 12 வோல்ட் அடாப்டர் தனியா வேணும். அது ஒரு பிளக் பாயிண்டை அடைச்சுக்கும். எங்க வீட்ல பிளக் பாயிண்டுக்கு நடக்கற சண்டை தனிக் கதை.

விசேஷ தட்டுகள்

ஒரு காலத்துல இதுக்குன்னே தட்டு செஞ்சாங்க. வெஸ்டர்ன் டிஜிட்டல்ல ஏவி-ஜிபி, சீகேட்ல பைப்லைன் எச்டி. சாதா தட்டுல ஒரு இடம் கெட்டுப்போனா, அதை எப்படியாவது படிச்சே தீருவேன்னு பல நொடி முட்டி மோதும். கம்ப்யூட்டர் ஃபைலுக்கு அது சரி, ஒரு எழுத்து போனாலும் தப்பு. படத்துக்கு அது வேண்டாம். ஒரு கட்டம் போனா போகட்டும், மேல ஓட்டுன்னு விடணும். அதுக்குன்னு தனிக் கட்டளைகளே உண்டு. ஆனா பெட்டி அந்தக் கட்டளையைக் கொடுத்தாத்தான் தட்டு கேக்கும். யுஎஸ்பி வழியா செருகற நம்ம பெட்டியில அதெல்லாம் பெரும்பாலும் நடக்கறதில்ல.

இப்ப அந்த இடத்துல கேமரா பதிவுக்குன்னு வர்ற தட்டுகள் இருக்கு. வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி. நாள் பூரா எழுதறதுக்குன்னே செஞ்சது. பெட்டிக்குள்ளயே தட்டு வைக்கற மாடல்னா இது நல்ல தேர்வு. வெளியில செருகறதுக்கு இது கொஞ்சம் அதிகப்படி.

எஸ்எஸ்டி?

சத்தம் இல்ல, சூடு கம்மி, கரண்ட் கம்மி. ஆனா எழுத எழுதத் தேயும். டைம் ஷிஃப்ட் 24 மணி நேரமும் ஓடினா எச்டிக்கு நாளுக்கு 86 ஜிபி, வருஷத்துக்கு 31 டிபிக்கு மேல. சின்ன எஸ்எஸ்டிக்கு 100 டிபி எழுதற வரைக்கும் வாரண்டின்னு போட்டிருந்தா, மூணு வருஷத்துல வாரண்டி கணக்கு தீர்ந்துடும். தினம் ஆறு மணி நேரம்தான் ஓடும்னா கவலையே இல்ல, பன்னெண்டு வருஷம் வரும். பென் டிரைவ் மட்டும் வேண்டாம். விடாம எழுதற வேலைக்கு அது பொறந்ததே இல்ல.

இன்னொண்ணு. பெட்டியில முதல் தடவை செருகினதும் "பார்மேட் பண்ணவா?"ன்னு கேக்கும். ஓகே கொடுத்தா உள்ள இருக்கற கல்யாண போட்டோ, பாட்டு, எல்லாம் காலி. பழைய தட்டைக் குடுக்கறதா இருந்தா முதல்ல துடைச்சு எடுத்து வச்சுட்டுக் குடுங்க.

சரி, இவ்வளவும் நண்பர்கிட்ட சொல்லிட்டேன். சொல்லாதது இனிமேதான்.

2018 பொங்கல். எங்க ஊர்ல லோக்கல் கேபிள் சேனல்ல ஒரு பட்டிமன்றம். வழக்கமான தலைப்புதான், கூட்டுக் குடும்பமா தனிக் குடும்பமான்னு. அதுல எங்க அப்பா பேசினார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஊர்ல பாதிப் பேருக்கு அவர் 'தமிழய்யா'. முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பறையில பேசினவர், டிவியில வர்றது அதான் முதல் தடவை. பன்னெண்டு நிமிஷம். பொங்கல் அன்னிக்கு சாயங்காலம் ஒளிபரப்பு.

அதுக்காகவே நான் ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஒரு டிபி. மேல எழுதியிருக்கற எல்லாத்தையும் அப்பதான் படிச்சேன். ஆர்பிஎம் பாத்தேன், கேஷ் பாத்தேன், சூடு பாத்தேன். பதினஞ்சு நாள் ஆராய்ச்சி. வீட்ல எல்லாரையும் படுத்தி எடுத்தேன்.

ஒளிபரப்பு அன்னிக்கு ஹால்ல இருபது பேர். அண்ணன் பொண்ணு, அப்ப எட்டாவது படிச்சா, மொபைலைத் தூக்கி டிவிக்கு நேரா புடிச்சா. நான் சிரிச்சேன். "ஏன்டி, சித்தப்பா எச்டில பதிவு பண்றேன், நீ எதுக்கு டிவியைப் போய் மொபைல்ல புடிக்கற? கை வலிக்கப் போவுது, கீழ வை"ன்னேன். அவ கொஞ்ச நேரம் புடிச்சா. நான் ரெண்டாவது தடவை கிண்டல் பண்ணினதும் நிறுத்திட்டா.

பதிவு அருமையா வந்துச்சு. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா போட்டுக் காட்டுவாங்க. அப்பா மட்டும் வெக்கப்பட்டுகிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போயிடுவார்.

2019ல அப்பா தவறிட்டார்.

அடுத்த வருஷம் மழைக்காலத்துல ஒரு இடி. பெட்டி கருகிப் போச்சு. தட்டு தப்பிச்சுடுச்சு, ஏன்னா நான் அதை தனியா, காத்தோட்டமா, சர்ஜ் ப்ரொடெக்டர் வழியா வச்சிருந்தேன். பெருமையா இருந்துச்சு. கேபிள்காரர் வேற பெட்டி கொண்டு வந்து மாட்டினார். அதே கம்பெனி, அதே மாடல். தட்டைச் செருகினேன்.

"பார்மேட் பண்ணவா?"

கம்ப்யூட்டர்ல போட்டேன். ஃபைல் இருக்கு. பேர் இருக்கு, தேதி இருக்கு, அளவு சரியா இருக்கு. எந்த பிளேயரும் ஓட்ட மாட்டேங்குது. அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. பெட்டி பதிவு பண்ணும்போதே பூட்டித்தான் எழுதுது. சாவி அந்தப் பெட்டிக்குள்ள. அந்த ஒரே ஒரு பெட்டிக்குள்ள. அதே மாடல் பெட்டிக்குக்கூட அதைத் திறக்கத் தெரியாது. செத்த பெட்டியைத் தாங்கன்னு கேபிள்காரர்கிட்ட ஓடினேன். "அதெல்லாம் கம்பெனிக்கு ரிட்டர்ன் போயிடுச்சு சார்"ன்னுட்டார். சேனல் ஆபீஸுக்குப் போனேன். அங்க இருந்த தம்பி ரொம்ப மரியாதையா, "இடம் பத்தலைன்னு பழசையெல்லாம் அழிச்சிட்டோம் சார், அய்யா எனக்கும் வாத்தியார்தான்"னு சொன்னார். அவரைக் கோவிச்சுக்க முடியல.

இதைத்தான் நான் முதல்ல கேட்டிருக்கணும். எத்தனை டிபி, எத்தனை ஆர்பிஎம் எல்லாம் அப்புறம். இந்தத் தட்டுல எழுதப்படறது யாருக்குச் சொந்தம்? காசு என்னுது, தட்டு என்னுது, அப்பா என்னோட அப்பா. சாவி மட்டும் என்னுது இல்ல.

ஏன் பூட்டறாங்கன்னு தெரியாம இல்ல. புதுப்படம், கிரிக்கெட்னு கோடி கோடியா கொடுத்து உரிமை வாங்கறாங்க. அதை ஒருத்தர் பதிவு பண்ணி ஊரெல்லாம் விக்கக்கூடாது. ஒத்துக்கறேன். ஆனா பெட்டிக்கு கிரிக்கெட்டும் தெரியாது, எங்க அப்பாவும் தெரியாது. எல்லாத்துக்கும் ஒரே பூட்டு. வாடிக்கையாளர் காசு கட்டலைன்னாக்கூட பழைய பதிவு ஓடாத பெட்டிகளும் உண்டு.

வீடியோ கேசட் காலத்தை நினைச்சுப் பாருங்க. டிவியில வர்றதை வீட்ல பதிவு பண்ணி அப்புறம் பாக்கறது தப்பில்லன்னு 1984லயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சோனி வழக்குல சொல்லிடுச்சு. அந்தக் கேசட்டை பக்கத்து வீட்டு டெக்லயும் போடலாம், பத்து வருஷம் கழிச்சு வேற டெக்லயும் போடலாம். படம் கொசகொசன்னுதான் இருக்கும், ஆனா இருக்கும். இப்ப படம் பளிங்கு மாதிரி இருக்கு. பெட்டி போனா அதுவும் போச்சு.

பூட்டே கூடாதுன்னு நான் சொல்லல. ஒரே ஒரு வரி சொல்லுங்கய்யா. "பார்மேட் பண்ணவா?"ன்னு கேக்கறீங்கல்ல, அதுக்குக் கீழயே "இந்தப் பதிவுகள் இந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும்"னு தமிழ்ல ஒரு வரி. என்ன செலவு ஆகிடும்? அதைப் படிச்சிருந்தா அந்தப் பொண்ணு கையிலேர்ந்து மொபைலை நான் இறக்க வச்சிருக்க மாட்டேன்.

அதனால ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறவங்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான்.

1. வாங்கறதுக்கு முன்னாடி, வீட்ல கிடக்கற ஒரு காலி பென் டிரைவைச் செருகி ரெண்டு நிமிஷம் பதிவு பண்ணுங்க. சோதனைக்கு அது போதும். பிடுங்கி கம்ப்யூட்டர்ல விஎல்சில போட்டுப் பாருங்க.

2. ஓடுச்சா? உங்க பெட்டி நல்ல பெட்டி. இலவச சேனல் பெட்டிகள் பலதுல இப்படி ஓடும். உங்க இஷ்டத்துக்கு நல்ல தட்டா வாங்குங்க. முக்கியமானதை மட்டும் கம்ப்யூட்டருக்கும் இன்னொரு இடத்துக்கும் நகல் எடுத்து வைங்க.

3. ஓடலையா? அந்தத் தட்டு வெறும் பஸ் ஸ்டாண்டு பெஞ்சு. சீரியல் கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகும். அதுக்கு எதுக்கு ரெண்டு டிபி? பழைய லேப்டாப்லேர்ந்து கழட்டின 320 ஜிபியோ 500 ஜிபியோ ஒரு உறை வாங்கிப் போட்டு மாட்டுங்க. போதும்.

4. போனா திரும்ப வராதுன்னு நீங்க நினைக்கற எதையும் அந்தப் பெட்டியை நம்பி விடாதீங்க. ஒளிபரப்பான அந்த வாரமே சேனல் ஆபீஸுக்குப் போய் ஃபைலைக் கேளுங்க. ஒரு மாசம் கழிச்சுப் போனா இருக்காது.

5. எதுவும் முடியலைன்னா டிவிக்கு முன்னாடி மொபைலைப் புடிங்க. யார் சிரிச்சாலும் சிரிக்கட்டும்.

அந்தப் பொண்ணு எடுத்தது 3 நிமிஷம் 40 நொடி இருக்கு. அவ பழைய மொபைல்லேர்ந்து புது மொபைலுக்கு மாத்தி மாத்தி அழிக்காம வச்சிருந்தா. டிவி திரை கோணலா தெரியுது, கோடு கோடா ஓடுது. ஃபேன் சத்தம். நடுவுல குக்கர் விசில். அப்பா மேடையில பேசறது பாதி கேக்கல.

ஆனா அதுல இன்னொரு குரல் இருக்கு. ஹால்ல சோபாவுல உக்காந்துகிட்டு தன்னையே பாத்துக்கிட்டிருந்த அப்பாவோட குரல். "இந்த இடத்துல நல்லா கை தட்டினாங்க, அதைக் காட்டவே இல்ல பாரு" அப்படிங்கறார். அப்புறம், "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுடா" அப்படின்னு என்கிட்ட சொல்றார். என் எச்டி பதிவு இப்ப ஓடினாக்கூட அதுல இது இருக்காது.

அம்மா இப்பவும் அதைத்தான் பாக்கறாங்க. நாலு இடத்துல நகல் வச்சிருக்கேன்.

ஒரு டிபி தட்டை இன்னும் பார்மேட் பண்ணல. எதுக்குன்னு கேக்காதீங்க.

டிஸ்கி: நண்பர் நேத்து போன் பண்ணினார். பென் டிரைவ் போட்டு சோதிச்சாராம், கம்ப்யூட்டர்ல ஓடலையாம். பொண்ணோட பழைய லேப்டாப் தட்டையே மாட்டிட்டாராம். "கம்பெனி எதுங்க அது?"ன்னு கேட்டேன். "நீங்கதான கம்பெனி முக்கியம் இல்லன்னீங்க" அப்படிங்கறார். :-)

உங்க வீட்டுப் பெட்டி எந்த ரகம்? ரெண்டு நிமிஷ சோதனையைப் பண்ணிட்டு பின்னூட்டத்துல வந்து சொல்லுங்க மக்களே. நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்.